நாட்டையே நோயாளியாகப் பார்த்த டாக்டர்: யார் இந்த கோட்டோ ஷிம்பெய்?

ஒரு டாக்டரிடம் ஒரு தீவையே ஒப்படைத்து, ‘இதைச் சரி பண்ணிக் கொடுங்க’ என்று சொன்னால் என்ன நடக்கும்?

1898-ல் ஜப்பான் அதைத்தான் செய்தது. தீவின் பெயர் தைவான். டாக்டரின் பெயர் கோட்டோ ஷிம்பெய். எட்டு வருஷம் கழித்து அவர் அங்கிருந்து கிளம்பியபோது தைவானில் ரயில் ஓடியது, குழாயில் தண்ணீர் வந்தது, மருத்துவக் கல்லூரி நடந்தது, சர்க்கரை ஆலைகள் புகைந்தன. டோக்கியோவிடம் கையேந்தாமல் தீவு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. இன்னொரு கணக்கும் இருந்தது. ‘கொள்ளையர்கள்’ என்று முத்திரை குத்திக் கொல்லப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

25 வருஷம் கழித்து அதே டாக்டரிடம் இன்னொரு பெரிய கேஸ் வந்தது. நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்த டோக்கியோ. இந்த முறை அவர் எழுதிய பிரிஸ்கிரிப்ஷனில் பெரும்பகுதியை நாடாளுமன்றம் கிழித்துப் போட்டது.

டாக்டர் ஒருவர்தான், வைத்தியமும் ஒன்றுதான். அப்புறம் ஏன் முடிவு இவ்வளவு மாறியது? கோட்டோவின் வாழ்க்கையில் விடை தேட வேண்டிய கேள்வி இது.

தோற்ற பக்கத்துப் பையன்

கோட்டோ பிறந்தது 1857-ல், ஜப்பானின் வடகிழக்கில் மிசுசாவா என்ற சிற்றூரில். குடும்பம் சாமுராய் வகுப்பு. ஆனால் அவருக்குப் பத்து வயது இருக்கும்போது வந்த உள்நாட்டுப் போரில் அவர்கள் ஊர் தப்பான பக்கத்தில் நின்றது. ஷோகுனின் ஆட்சியைக் கவிழ்த்து, மெய்ஜி பேரரசரின் பெயரில் புதிய அரசு அமைந்தது. எதிர்த்து நின்ற வடகிழக்குப் பிரபுக்கள் தோற்றார்கள். கோட்டோ குடும்பத்தின் அந்தஸ்தும் வருமானமும் போயின.

புதிய அரசின் உயர் பதவிகள் வென்ற பக்கத்து ஊர்க்காரர்கள் கையில் இருந்தன. தோற்ற ஊர்ப் பையனுக்கு மேலே வர ஒரே வழி படிப்பு. ஊருக்கு வந்த அதிகாரி ஒருவர் பையனின் சூட்டிகையைப் பார்த்துப் படிக்க வழி செய்தார். அந்த அதிகாரி யாசுபா யாசுகாசு. பின்னாளில் கோட்டோவுக்கு மாமனார் ஆனவரும் இவரே. கோட்டோ ஃபுகுஷிமா பகுதியில் சுகாகாவா மருத்துவப் பள்ளியில் சேர்ந்து டாக்டர் ஆனார். பிறகு நகோயா நகரில் ஆய்ச்சி மாகாண ஆஸ்பத்திரியில் வேலை. 20-களின் நடுவிலேயே அங்கே தலைமைப் பொறுப்பு.

1882 ஏப்ரலில் அவர் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. மக்களுக்கு உரிமை வேண்டும், நாடாளுமன்றம் வேண்டும் என்று போராடிய லிபரல் கட்சித் தலைவர் இடாகாகி தைசுகேவை கிஃபு என்ற ஊரில் ஒருவன் கத்தியால் குத்தினான். அரசை எதிர்ப்பவருக்கு அரசு டாக்டர் வைத்தியம் பார்த்தால் வேலைக்கு வம்பு வருமோ என்ற பயம் இருந்த காலம். கோட்டோ யோசிக்கவில்லை. மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்காமல் போய் வைத்தியம் பார்த்தார். ‘இவர் டாக்டராக இருப்பதைவிட அரசியலுக்கு வந்திருக்கலாம்’ என்று இடாகாகி சொன்னதாக ஒரு கதை இன்றைக்கும் ஜப்பானில் உலவுகிறது.

ஒரு ஆள் அல்ல, ஒரு ஊரே நோயாளி

அடுத்த வருஷமே, 1883-ல், கோட்டோ உள்துறை அமைச்சகத்தின் சுகாதாரப் பிரிவில் சேர்ந்தார். அதன் தலைவர் நாகாயோ சென்சாய். ஜப்பானின் பொது சுகாதாரத்துக்கு அடித்தளம் போட்டவர் என்று சொல்லப்படுபவர்.

அந்தக் காலத்து ஜப்பானின் பெரிய எதிரி காலரா. 1879-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1886-ல் மறுபடியும் அதே அளவு. அரசு போலீஸை வைத்து நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தனிமைப்படுத்தியது. ‘உள்ளே போனால் திரும்பி வரமாட்டோம்’ என்று மக்கள் பயந்தார்கள். 1879-ல் பல ஊர்களில் கலவரமே வெடித்தது. கொரோனா காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

இங்கேதான் கோட்டோவின் பார்வை மாறுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? குடிநீரும் சாக்கடையும் கலக்கிற ஊரில் மருந்து எழுதி என்ன பயன்? அப்படியானால் வைத்தியம் பார்க்க வேண்டியது ஆளுக்கு அல்ல, ஊருக்கு. 1889-ல் ‘தேசிய சுகாதாரக் கோட்பாடுகள்’ என்ற புத்தகத்தை எழுதினார். அரசையே ஓர் உயிருள்ள உடம்பாகப் பார்க்கும் புத்தகம் அது. உடம்பின் பாகங்கள் ஒன்றுக்கொன்று அனுசரித்து வாழ்வதுபோல சமூகமும் வாழ்கிறது, அதன் ஆரோக்கியத்தைக் காப்பதே அரசின் வேலை என்பது அதன் சாரம்.

அடுத்து 1890 முதல் 1892 வரை ஜெர்மனி. மியூனிக்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே அவரைக் கவர்ந்தது ஆய்வுக்கூடம் மட்டும் அல்ல. பிஸ்மார்க்கின் அரசு தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு, விபத்துக் காப்பீடு, முதியோர் காப்பீடு என வரிசையாகச் சட்டம் போட்டிருந்தது. ஏழையின் உடம்பைக் கவனிப்பது தர்மம் அல்ல, அரசாங்கத்தின் வேலை என்ற பாடத்தோடு ஊர் திரும்பினார். வந்ததும் சுகாதாரப் பிரிவின் தலைவர் ஆனார்.

ஜெயில், பிறகு ஒரு தீவு

பதவி ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சோமா என்ற பழைய பிரபு குடும்பத்தில் ஒரு தகராறு. பிரபுவுக்குப் பைத்தியம் என்று சொல்லிக் குடும்பத்தார் அடைத்து வைத்திருக்கிறார்கள், சொத்துக்காக நடக்கும் சதி இது என்று அவருடைய விசுவாசியான ஊழியர் ஒருவர் போராடினார். கோட்டோ அவருக்கு உதவினார். பிரபு இறந்ததும், விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று அந்த ஊழியர் வழக்குப் போட்டார். அது பொய் வழக்கு என்று முடிவானது. கூடவே கோட்டோவும் 1893-ல் கைதாகிப் பல மாதம் சிறையில் இருந்தார். 1894-ல் நிரபராதி என்று விடுதலை ஆனாலும் பதவி போய்விட்டது.

மறுவாழ்வு கொடுத்தது ஒரு போர். 1894-95-ல் சீனாவுடன் நடந்த சண்டையில், குண்டடி பட்டுச் செத்த ஜப்பான் வீரர்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு. போர் முடிந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கப்பல் கப்பலாக வீடு திரும்பக் காத்திருந்தார்கள். அவர்களோடு காலராவும் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ராணுவத் துணை அமைச்சர் கொடாமா கென்டாரோ இந்தப் பொறுப்பை கோட்டோவிடம் கொடுத்தார். ஹிரோஷிமாவுக்கு எதிரே இருக்கும் நினோஷிமா தீவிலும் வேறு இரண்டு துறைமுக இடங்களிலும் தனிமைப்படுத்தல் நிலையங்கள் மளமளவென்று எழுந்தன. துணிமணி, மூட்டை முடிச்சு எல்லாம் பெரிய நீராவிக் கொதிகலன்களில் போடப்பட்டன. வீரர்கள் மருந்துத் தண்ணீரில் குளித்த பிறகே ஊருக்குள் போகலாம். சில மாதங்களில் 2,30,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்த வழியாகக் கடந்தார்கள். அந்த ஆண்டு ஜப்பானுக்குள் காலரா பரவத்தான் செய்தது, சுமார் 40,000 பேர் செத்தார்கள். ஆனால் இவ்வளவு பெரிய படையைக் கப்பலிலிருந்து இறங்கும் இடத்திலேயே சோதித்து அனுப்ப முடியும் என்பதை அந்த டாக்டர் காட்டிவிட்டார்.

ஜெயித்து வந்த தளபதிகளுக்கு ஒரு டாக்டர் ‘நில்லு’ என்று சொன்னால் பிடிக்குமா? புகார்கள் குவிந்தன. வேலை முடிந்ததும் கொடாமா ஒரு பெட்டியைத் திறந்து, அதுவரை தன்னிடமே நிறுத்திவைத்த புகார்க் கடிதங்களை கோட்டோவிடம் காட்டினார் என்று சொல்வார்கள். மூன்று வருஷம் கழித்து கொடாமா தைவானின் கவர்னர் ஜெனரலாகப் போனபோது, கூடவே கோட்டோவையும் சிவில் நிர்வாகத் தலைவராக அழைத்துப் போனார்.

மீனின் கண்ணை மாற்ற முடியுமா?

சீனாவுடனான போரில் ஜப்பானுக்குக் கிடைத்த பரிசு தைவான். வந்த மூன்று வருஷத்தில் அது பரிசு இல்லை, சுமை என்று டோக்கியோவில் பலர் நினைத்தார்கள். கிளர்ச்சி, பிளேக், மலேரியா, அபின், காலியான கஜானா. விற்றுத் தொலைத்துவிடலாம் என்ற பேச்சுகூட வந்தது.

கோட்டோ ஒரு மீனை உதாரணம் காட்டினார். தட்டையான நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். மற்ற மீன்களுக்கு இரு பக்கமும் இருக்கிறதே, இதற்கும் அப்படி மாற்றுவோம் என்று கிளம்ப முடியாது. ஜப்பான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தைவானில் அப்படியே ஒட்டினாலும் இதுதான் கதி. முதலில் இந்த உடம்பு எப்படி இயங்குகிறது என்று பார்க்கணும். மருந்து அப்புறம். இதற்கு அவர் வைத்த பெயர் ‘உயிரியல் கொள்கை’.

முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு தொடங்கியது ஸ்கேன். தீவு முழுக்க நில அளவை நடந்தது. பதிவேட்டில் இல்லாத நிலங்கள் வெளியே வந்து, நில வரி வருமானம் சுமார் மூன்று மடங்கானது. சட்ட அறிஞர்களை அழைத்து, நிலம், திருமணம், வாரிசு, கடன் எனத் தைவான் மக்களின் பழைய வழக்கங்களையெல்லாம் ஆவணப்படுத்த வைத்தார். 1905-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 30 லட்சம் பேர். ஜப்பானிலேயே இப்படி ஒரு நவீனக் கணக்கெடுப்பு 1920-ல்தான் நடந்தது. ஆள்பவர் நாட்டுக்கு 15 வருஷம் முன்பே ஆளப்பட்டவர்கள் எண்ணப்பட்டுவிட்டார்கள்.

தண்ணீருக்கும் வழி பிறந்தது. கோட்டோவின் பரிந்துரையால் 1896-லேயே தைவான் வந்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் பர்ட்டன், குடிநீர், சாக்கடைத் திட்டங்களை வகுத்திருந்தார். பிளேக்கை ஒழிக்க எலி பிடிப்பவர்களுக்குக் காசு. 1896-ல் நுழைந்த பிளேக் 1917-ல் தீவை விட்டே போனது. தென்முனைத் துறைமுகத்தையும் வடமுனைத் துறைமுகத்தையும் இணைக்கும் ரயில் பாதை வேலை ஆரம்பித்து, 1908-ல் முடிந்தது. நிடோபே இனாசோ என்ற வேளாண் அறிஞர் கொடுத்த யோசனைப்படி கரும்பும் சர்க்கரையும் பெரிய தொழிலாக வளர்ந்தன.

அபின்: மருந்தா, வியாபாரமா?

கோட்டோவின் முறையை நன்றாகப் புரிந்துகொள்ள அபின் கதை போதும்.

ஜப்பானில் அபினுக்குக் கடும் தடை. தைவானில் அபின் புகைப்பது பரவலான பழக்கம். உடனே தடை போடு என்றது ஒரு தரப்பு. திடீரென்று நிறுத்தினால் அடிமையானவர்கள் தாங்கமாட்டார்கள், கிளர்ச்சியும் கூடும் என்றார் கோட்டோ. அவர் சொன்ன வழி இது: அபின் விற்பனை அரசின் கையில் மட்டும் இருக்கும். ஏற்கெனவே பழகியவர்களுக்கு மட்டும் லைசென்ஸ். புதிதாக யாரும் பழகக் கூடாது. விலை அதிகம். வரும் லாபம் சுகாதாரச் செலவுக்கு.

1900 வாக்கில் லைசென்ஸ் வாங்கியவர்கள் சுமார் 1,69,000 பேர். 1920-களின் கடைசியில் அது 30,000-க்கும் கீழே வந்துவிட்டது. படிப்படியாகக் குறைப்பது வேலை செய்தது என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இன்னொரு பக்கம் தெரியும். அந்த லாபம் அரசின் கஜானாவுக்கு முக்கியமான வருமானம். நோயாளி குணமானால் டாக்டருக்கு நஷ்டம் என்று ஆகிவிட்டது. அப்படிப்பட்ட டாக்டர் அவசரப்படுவாரா? கடைசியில் அரசின் அபின் விற்பனை முற்றிலும் நின்றபோது வருஷம் 1945 ஆகியிருந்தது.

அபின், உப்பு, கற்பூரம், புகையிலை என ஒவ்வொன்றாக அரசின் ஏகபோகம் ஆனது. இந்தப் பணத்தாலும் நில வரியாலும்தான் தைவான் சொந்தக் காலில் நின்றது. கற்பூர மரங்கள் இருந்தது பழங்குடி மக்களின் மலைகளில். ஏகபோகம் வளர வளர, மலைக்குள் ஜப்பானின் காவல் எல்லையும் நகர்ந்துகொண்டே போனது.

கத்தியும் இருந்தது

சாதனைப் பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை ஓரிரு வரியில் கடந்துவிடுவார்கள்.

1898 நவம்பரில் ‘கொள்ளையர் தண்டனைச் சட்டம்’ வந்தது. கூட்டமாகச் சேர்ந்து வன்முறையில் இறங்கினால் மரண தண்டனை. தலைவனுக்கு மட்டும் அல்ல, துணை போனவர்களுக்கும்தான். 1902 வரையிலான நான்கு வருஷத்தில் கொல்லப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்பது ஜப்பான் அரசுத் தரப்பின் கணக்கு, எதிரிகள் சொன்னது அல்ல.

இன்னொரு பக்கம், சரணடைந்தால் மன்னிப்பு, பிழைக்க வேலை என்றும் அறிவித்தார்கள். நம்பி வந்தவர்கள் உண்டு. 1902 மே மாதம், யுன்லின் பகுதியில் சரணடைவு விழா என்று சொல்லிப் பல இடங்களில் ஆட்களை வரவழைத்தார்கள். வந்தவர்களை அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

உயிரோடு இருந்தவர்களுக்கு வேறு கட்டு. பத்து வீட்டுக்கு ஒரு குழு, பத்துக் குழுவுக்கு ஒரு பெரிய குழு. ஒருவர் தப்புச் செய்தால் குழுவுக்கே தண்டனை. சீனாவின் பழைய ஏற்பாடு இது; கோட்டோ அதைத் தூசு தட்டி எடுத்துப் போலீஸின் கீழே வைத்தார். எலி பிடிக்கவும், தெருவைச் சுத்தம் செய்யவும், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று சொல்லவும் அதே குழுதான். சுகாதாரமும் வேவும் ஒரே பதிவேட்டில் நடந்தன.

உள்ளூர் வழக்கத்தைக் கற்றுக்கொள் என்பது கேட்க நல்ல கொள்கை. ஆனால் கற்றுக்கொண்டதை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும் இடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லை. தைவானில் தேர்தல் கிடையாது, சட்டமன்றம் கிடையாது. சட்டத்துக்கு இணையான ஆணைகளை கவர்னர் ஜெனரலே போடலாம்.

‘பெரிய மூட்டைக்காரர்’

1906-ல் தைவானை விட்டுக் கிளம்பிய கோட்டோ, தென் மஞ்சூரிய ரயில்வேயின் முதல் தலைவர் ஆனார். பேர்தான் ரயில் கம்பெனி. சுரங்கம், துறைமுகம், ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாம் அதன் கையில். கம்பெனிக்கென்றே பெரிய ஆராய்ச்சிப் பிரிவையும் அமைத்தார். முதலில் ஆய்வு, பிறகு ஆட்சி என்ற அதே சூத்திரம். துப்பாக்கி ஏந்திப் போவதைவிட ரயிலும் ஆஸ்பத்திரியும் ஏந்திப் போனால் சாம்ராஜ்யம் நன்றாக வேர்விடும் என்பது அவர் கணிப்பு.

பிறகு தகவல் தொடர்பு அமைச்சர், உள்துறை அமைச்சர், 1918-ல் வெளியுறவு அமைச்சர். சைபீரியாவுக்குப் படை அனுப்ப வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1920 டிசம்பரில் டோக்கியோவின் மேயர். மேயராக அவர் கொண்டுவந்த நகர மேம்பாட்டுத் திட்டத்தின் மதிப்பு 80 கோடி யென். அப்போது ஜப்பான் நாட்டின் ஓராண்டு பட்ஜெட்டே சுமார் 150 கோடி யென். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஓபுரோஷிகி’. சாமான் கட்டும் பெரிய துணி என்று அர்த்தம். வாயைத் திறந்தால் பெரிசு பெரிசாக விரிப்பவர் என்ற கிண்டல்.

300 கோடியிலிருந்து 47 கோடிக்கு

1923 செப்டம்பர் 1, காலை 11.58. டோக்கியோ, யோகோஹாமா பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மரவீடுகள், குறுகலான சந்துகள், பலத்த காற்று. செத்தவர்கள் சுமார் 1,05,000 பேர். அதில் பெரும்பாலோர் தீயில் செத்தவர்கள். ஹோன்ஜோ பகுதியில் தப்பி வந்து ஒரு காலி மைதானத்தில் ஒதுங்கிய சுமார் 38,000 பேர் தீச்சுழலில் ஒரே இடத்தில் கருகினார்கள்.

மறுநாள் பதவியேற்ற புதிய அமைச்சரவையில் கோட்டோ உள்துறை அமைச்சர். அன்று இரவே அவர் நான்கு முடிவுகளை எழுதினார் என்பார்கள். தலைநகரை இடம் மாற்றக் கூடாது. சீரமைப்புக்கு 300 கோடி யென் வேண்டும். மேலைநாட்டின் புதிய நகரத் திட்டத்தைப் பின்பற்ற வேண்டும். நில உரிமையாளர்களிடம் கறாராக இருக்க வேண்டும்.

அவர் அந்தத் திட்டத்தைப் போட்ட அதே நாட்களில் தெருவில் வேறொன்று நடந்தது. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான கொரியர்களையும் நூற்றுக்கணக்கான சீனர்களையும் பொதுமக்களின் காவல் குழுக்களும், சில இடங்களில் போலீஸும் ராணுவமும் சேர்ந்து கொன்றார்கள். போலீஸ் உள்துறையின் கீழ். அந்தக் கொலைகளின் முழு அளவை அரசு வெளியே சொல்லவில்லை. நகரத்துக்கு அகலச் சாலை யோசித்த அமைச்சரின் பெயரோடு இந்த மௌனமும் ஒட்டியிருக்கிறது.

சீரமைப்புத் திட்டம் நாடாளுமன்றத்துக்குப் போகும் முன்பே சுருங்கத் தொடங்கியது. நிதி அமைச்சகம் வெட்டியது. நில உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். மூத்த அரசியல்வாதி இடோ மியோஜி ஆலோசனைக் கூட்டத்திலேயே போட்டுத் தாக்கினார். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருந்த செய்யூகாய் கட்சி மேலும் வெட்டியது. மிஞ்சியது சுமார் 47 கோடி யென். அதே மாதக் கடைசியில் இளவரசர் ஹிரோஹிட்டோவை ஒருவன் சுட முயன்றான். பொறுப்பேற்று அமைச்சரவையே ராஜினாமா செய்தது. கோட்டோவின் பதவியும் போனது.

ஆனாலும் மிச்சமிருந்த திட்டம் டோக்கியோவை மாற்றியது. எரிந்த பகுதியில் சுமார் 3,000 ஹெக்டேரில் நிலச் சீரமைப்பு நடந்தது. ஒவ்வொருவரும் தன் மனையில் பத்து சதவீதம் வரை இழப்பீடு இல்லாமல் விட்டுக்கொடுக்க, கோணல் மாணலான மனைகள் நேராகின, சந்துகள் சாலைகள் ஆயின. 44 மீட்டர் அகலத்துக்கு ஷோவா சாலை வந்தது. சுமிடா ஆற்றின் மேல் எய்டாய், கியோசு போன்ற இரும்புப் பாலங்கள் வந்தன. மூன்று பெரிய பூங்காக்களும், ஆரம்பப் பள்ளிகளை ஒட்டி 52 சிறிய பூங்காக்களும் அமைந்தன. அடுத்த முறை தீ வந்தால் ஓடி நிற்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? 1983-ல் பத்திரிகையாளர்களிடம் பேசிய பேரரசர் ஹிரோஹிட்டோ, கோட்டோவின் திட்டம் அப்படியே நிறைவேறியிருந்தால் போர்க்கால அழிவு இவ்வளவு இருந்திருக்காது என்று வருத்தப்பட்டார்.

வேண்டாம் என்று சொன்னது யார்?

‘பார்த்தீங்களா, ஜனநாயகம் குறுக்கே வந்ததால் நல்ல திட்டம் கெட்டது. தைவானில் யாரும் தடுக்கவில்லை, அதனால் எல்லாம் நடந்தது’ என்று முடிவு கட்டத் தோன்றும். ஜப்பானிலும் தைவானிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு.

அவசரப்படக் கூடாது. 1923-ல் ஜப்பானில் ஓட்டுரிமை எல்லோருக்கும் இல்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் நேரடி வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும்தான். எல்லா ஆண்களுக்கும் ஓட்டு என்ற சட்டமே 1925-ல்தான் வந்தது. அதாவது, திட்டத்தை வெட்டிய நாடாளுமன்றத்தில் எரிந்துபோன வாடகை வீட்டில் இருந்த தொழிலாளியின் குரல் இல்லை. பணமும் நிலமும் வைத்திருந்தவர்களின் குரல்தான் உரக்கக் கேட்டது. டோக்கியோவில் நோயாளிகளில் சிலருக்கு மட்டும் பேசும் உரிமை இருந்தது. தைவானில் யாருக்குமே இல்லை.

அந்த உரிமையைக் கேட்டு ஒருவர் எழுந்தார். அவரும் ஒரு டாக்டர்.

நோயாளி எழுதிய பிரிஸ்கிரிப்ஷன்

கோட்டோவின் நிர்வாகம் 1899-ல் தைபேயில் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் படித்து 1915-ல் வெளியே வந்தவர் ஜியாங் வெய்ஷுய். 1921-ல் தைவான் பண்பாட்டுக் கழகத்தை நண்பர்களோடு தொடங்கினார். அந்த வருஷம் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை தைவானில் இன்றும் பிரபலம். அதன் வடிவம் ஒரு மருத்துவ அறிக்கை. நோயாளியின் பெயர் தைவான். முகவரி, பூர்வீகம், பழைய நோய்கள், இப்போதைய அறிகுறிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். நோய்: அறிவுச் சத்துக் குறைபாடு. மருந்து: பள்ளிக்கூடம், நூலகம், செய்தித்தாள் வாசிக்கும் கூடம், எல்லாம் அதிகபட்ச அளவில்.

சமூகம் ஓர் உடம்பு, முதலில் நோயைக் கண்டுபிடி என்ற கோட்டோவின் மொழியே அது. ஒரே வித்தியாசம், இங்கே மருந்துச் சீட்டை எழுதியது நோயாளியின் வீட்டு ஆள். கோட்டோவின் பிரிஸ்கிரிப்ஷனில் கணக்கெடுப்பு, ரயில், ஏகபோகம், போலீஸ் இருந்தன. ஜியாங்கின் சீட்டில் இருந்தது படிப்பு மட்டும்.

தைவானுக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்ற மனு இயக்கத்திலும் அவர் முன்னணியில் நின்றார். 1923 டிசம்பர் 16-ல் அவரையும் தோழர்களையும் போலீஸ் கைது செய்தது. டோக்கியோ நாடாளுமன்றம் கோட்டோவின் திட்டத்தை வெட்டிக்கொண்டிருந்த அதே மாதம்.

அபின் கதையும் அங்கேதான் திருப்பிக் கேட்கப்பட்டது. 1920-களின் கடைசியில் அரசு புதிதாக அபின் லைசென்ஸ் கொடுக்க முயன்றபோது, ஜியாங்கின் தைவான் மக்கள் கட்சி ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்துக்கே தந்தி அடித்தது. சர்வதேசக் குழு தைவானுக்கு வந்தது. அரசு இறங்கி வந்து 1930-ல் அபின் அடிமைகளுக்கான ஆஸ்பத்திரியைத் திறந்தது. அங்கே சிகிச்சையை முன்னின்று நடத்தியவர் தூ சோங்மிங், அதே மருத்துவப் பள்ளியின் இன்னொரு மாணவர். 30 வருஷமாகப் படிப்படியாக நடந்த வேலைக்கு நோயாளியின் குரல்தான் வேகம் கொடுத்தது.

கோட்டோ அதைப் பார்க்க இருக்கவில்லை. டோக்கியோ வானொலி நிலையத்தின் முதல் தலைவர், ஜப்பான் சாரணர் இயக்கத்தின் முதல் தலைவர் என்று கடைசிவரை ஓய்வில்லாமல் இருந்தவர், 1929 ஏப்ரலில் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி, கியோட்டோவில் காலமானார். வயது 71. ஜியாங் 1931-ல் 40 வயதிலேயே டைபாய்டில் போய்ச் சேர்ந்தார்.

தைபேயில் தைவான் தேசிய அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம், கொடாமா, கோட்டோ இருவரின் நினைவாக ஜப்பான் ஆட்சியில் கட்டப்பட்டது. அவர்களின் வெண்கலச் சிலைகள் இப்போது அந்த அருங்காட்சியகத்துக்குள் காட்சிப் பொருளாக நிற்கின்றன. வெளியே, தைபேயிலிருந்து மலையைக் குடைந்து யீலானுக்குப் போகும் 5-ம் எண் நெடுஞ்சாலைக்கு தைவான் அரசு 2006-ல் வைத்த பெயர் ஜியாங் வெய்ஷுய். யீலான், அவர் பிறந்த ஊர்.